முன்குறித்தல் பாடம்: ரோமர் 8, 9-ஐ வாலிபர்களுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஓய்வுநாள்_வாத்தியார்

ஸ்தோத்திரம். வாலிபர் ஐக்கியத்தில் வரும் நான்கு சனிக்கிழமையும் முன்குறித்தல் (யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தீர்மானிப்பது) பற்றிப் பாடம். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். கல்லூரிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களுமாக இருபது பேர். பாதிப்பேர் யூடியூப் பார்த்துவிட்டு கால்வின் கட்சி (தீர்மானம் தேவனுடையது), ஆர்மீனியஸ் கட்சி (கிருபையை மனுஷன் மறுக்கலாம்) என்று பிரிந்தே உட்காருகிறார்கள். எனக்குத் தெளிவாக வேண்டியவை:

1. ரோமர் 8:29-இல் "முன்னறிந்தாரோ", "முன்குறித்திருக்கிறார்" என்று இரண்டு சொல் வருகிறது. இரண்டும் ஒன்றா? ஒன்று மற்றதற்குக் காரணமா?

2. கால்வின் பக்கம் "மனுஷனுக்குச் சித்தமே கிடையாது" என்றும், ஆர்மீனியஸ் பக்கம் "மனுஷன் தானாகவே விசுவாசிக்க முடியும்" என்றும் சொல்வதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இது சரியா?

3. "நாளைக்கு நான் செய்யப்போவது தேவனுக்கு இன்றைக்கே தெரியும் என்றால், நான் வேறு மாதிரி செய்ய முடியுமா?" இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும்.

4. நம் ஊர் தலைவிதிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"ரெண்டும் உண்மை, பரலோகம் போனால் தெரியும்" என்ற பதில் வேண்டாம். அதை அவர்களே சொல்வார்கள்.

பெரேயா17

முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன், மற்றதைத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கிரேக்கத்தில் இரண்டும் வேறு வினை. முன்னறிதல் என்பது ப்ரோகினோஸ்கோ. புதிய ஏற்பாட்டில் 5 இடத்தில் வருகிறது: அப்போஸ்தலர் 26:5, ரோமர் 8:29, 11:2, 1 பேதுரு 1:20, 2 பேதுரு 3:17. முன்குறித்தல் என்பது ப்ரோஓரிட்சோ. இது 6 முறை: அப்போஸ்தலர் 4:28, ரோமர் 8:29, 8:30, 1 கொரிந்தியர் 2:7, எபேசியர் 1:5, 1:11. "ஓரிட்சோ" என்றால் எல்லை போடுவது, வயலுக்கு வரப்பு போடுகிற மாதிரி. அதை முன்கூட்டியே செய்வது ப்ரோஓரிட்சோ.

அந்த ஆறு இடத்தையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று தெரியும். எதற்கு முன்குறித்தார் என்பதற்கு வருகிற பதில்கள்: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாக, புத்திரசுவிகாரத்துக்கு, சிலுவையில் நடக்க வேண்டியது நடக்க. "நரகத்துக்கு முன்குறித்தார்" என்று இந்தச் சொல்லை வைத்து ஒரு வசனமும் இல்லை. அதனால் கால்வின் தவறு என்று முடிந்துவிடாது. நரகத்துக்கு என்ற அந்தப் பாதிக்கு அவர் ரோமர் 9-ஐத்தான் முக்கிய ஆதாரமாக எடுக்கிறார். எந்த வசனம் எதற்கு ஆதாரம் என்பதைப் பிள்ளைகள் முதலில் பிரித்துப் பார்க்கட்டும்.

உண்மையான சண்டை "முன்னறிதல்" மேலேதான். அப்போஸ்தலர் 26:5, 2 பேதுரு 3:17 இரண்டிலும் மனிதர்கள் முன்னறிகிறார்கள்; அங்கே பொருள் "முன்பே தெரிந்திருப்பது". ஆர்மீனியஸ் வழி வந்தவர்கள் அதையே 8:29-க்கும் கொண்டுவந்து, யார் விசுவாசிப்பார்கள் என்று முன்பே பார்த்து அவர்களைக் குறித்தார் என்கிறார்கள். கால்வின் பக்கம் இரண்டு பதில் உண்டு. ஒன்று, வசனம் "எவர்களை" என்று ஆட்களைச் சொல்கிறது, அவர்களுடைய விசுவாசத்தை அல்ல. இரண்டு, எபிரெயத்தில் "அறிதல்" உறவைக் குறிக்கும். ஆமோஸ் 3:2-இல் தேவன் இஸ்ரவேலை "மாத்திரம்" அறிந்ததாகச் சொல்கிறார். மற்ற தேசங்களைப் பற்றி அவருக்குத் தகவல் இல்லை என்று அதற்கு அர்த்தமாகாது.

இங்கே தமிழ் வேதாகமமே ஒரு கண்ணி வைத்திருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் ரோமர் 8:29-இல் "முன்னறிந்தாரோ". அதே வினை 1 பேதுரு 1:20-இல் கிறிஸ்துவைப் பற்றி வரும்போது "முன்னே குறிக்கப்பட்டவர்" ஆகிவிட்டது. கத்தோலிக்கரும் பயன்படுத்தும் திருவிவிலியத்திலோ ரோமர் 8:29-லேயே "முன்பே தேர்ந்துகொள்ளப்பட்டவர்கள்" என்று இருக்கிறது. வகுப்பில் இரண்டு வேதாகமம் இருந்தால் பத்தாவது நிமிஷத்தில் இது வெளியே வரும். தயாராகப் போங்கள்.

யோவான் 6:44 "இழுத்துக்கொள்ளாவிட்டால்" என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 21:11-இல் பேதுரு 153 மீன் இருந்த வலையைக் கரைக்கு இழுத்ததும் இதே வினைதான். மீனுக்கு அதில் விருப்பம் கேட்கப்படவில்லை என்று கால்வின் பக்கம் குதிப்பார்கள். உடனே எதிர்ப்பக்கம் 12:32-ஐத் திறக்கும்: "எல்லாரையும்" என்னிடத்தில் இழுத்துக்கொள்ளுவேன், அதே வினை. அப்போஸ்தலர் 13:48 "நியமிக்கப்பட்டவர்கள்" என்பதையும் தனியாகப் படிக்காதீர்கள். இரண்டு வசனம் முன்னால், 46-இல், நித்தியஜீவனுக்குத் தங்களை அபாத்திரராகத் தாங்களே தீர்த்துக்கொண்டவர்கள் நிற்கிறார்கள். லூக்கா இரண்டையும் ஒரே பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்.

தோர்த்_வாசகன்

இரண்டாவது கேள்வி. பிள்ளைகள் சொல்கிற இரண்டுமே தவறு, அதுவும் கையெழுத்திட்ட ஆவணங்களின்படியே தவறு.

ஆர்மீனியஸ் 1609 அக்டோபரில் இறந்துவிட்டார். அவர் வழி வந்த போதகர்கள் 1610-இல் ஹாலந்தில் ஐந்து பிரிவுள்ள ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். அதில் மூன்றாவது பிரிவை வகுப்பில் வாசியுங்கள்: மனிதன் தன் சுயசித்தத்தின் பலத்தால் மெய்யான நன்மை எதையும் நினைக்கவோ விரும்பவோ செய்யவோ முடியாது, மறுபடி பிறந்தே ஆக வேண்டும் என்று இருக்கிறது. நான்காவது பிரிவு, நன்மையின் ஆரம்பமும் தொடர்ச்சியும் முடிவும் கிருபைதான் என்று சொல்லிவிட்டு, அந்தக் கிருபை எதிர்க்க முடியாத விதத்தில் வேலை செய்வதில்லை என்கிறது. கிருபையின் உதவி இல்லாமலே மனிதனால் நன்மை செய்ய முடியும் என்ற பெலேகியஸ் இதில் எங்கே இருக்கிறார்? "மனிதன் தானாகவே முதல் அடி வைக்கிறான்" என்பது 529-இல் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கமே தள்ளிவிட்ட கருத்து. விசுவாசத்தின் தொடக்கமும் கிருபைதான் என்று அந்தச் சங்கத்தின் 5-ஆம் விதி. தீமைக்கென்று முன்குறிக்கப்பட்டவர்கள் உண்டு என்று சொல்பவர்களையும் அதே சங்கம் சபித்தது. இதை இரண்டு கட்சிக்கும் சொல்லிவைப்பது நல்லது.

ஐந்தாவது பிரிவில் விசுவாசி விழுந்துபோக முடியுமா என்ற கேள்வியில் அவர்கள் முடிவே சொல்லவில்லை. வேதத்திலிருந்து இன்னும் ஆராய வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். பிற்பாடுதான் "முடியும்" என்று உறுதியானது.

இதற்குப் பதிலாகக் கூடியதுதான் தோர்த் சங்கம்: 1618 நவம்பர் 13 முதல் 1619 மே வரை, தோர்த்ரெக்ட் நகரில். பிரிட்டன், ஜெனீவா, பிரேமன் போன்ற இடங்களிலிருந்தும் பிரதிநிதிகள் வந்தார்கள். பிரெஞ்சு சபையாரை அவர்கள் ராஜா வரவிடவில்லை. சங்கத்தின் தீர்மானத்தில் 59 பிரிவுகள், அதோடு தள்ளப்பட்ட கருத்துகள் 34. அதில் மூன்று இடம் போதும்.

இரண்டாம் தலைப்பு, பிரிவு 3: கிறிஸ்துவின் மரணம் உலகம் முழுவதின் பாவத்துக்கும் நிவாரணமாக மிகுதியாகப் போதுமானது. "கால்வினிஸ்டுகளின்படி இரத்தம் கொஞ்சம் பேருக்குத்தான் போதும்" என்று பேசுகிறவர்கள் இதைப் படித்ததில்லை. யாருக்காகச் செலுத்தினார் என்ற நோக்கத்தில்தான் வித்தியாசம்.

மூன்று-நான்காம் தலைப்பு, பிரிவு 16: மறுபிறப்பில் கிருபை மனிதர்களை மரக்கட்டைபோலவும் கல்போலவும் நடத்துவதில்லை, சித்தத்தையும் அதன் இயல்பையும் எடுத்துப்போடுவதில்லை, குணமாக்கி, இனிமையாகவும் வல்லமையாகவும் வளைக்கிறது. சித்தம் இல்லை என்று கால்வினிஸ்ட் ஆவணம் எதுவும் சொல்லவில்லை. 1646-இன் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையும், நடப்பதெல்லாம் தேவன் நியமித்தது என்ற அதே வாக்கியத்தில், சிருஷ்டிகளின் சித்தத்துக்குப் பலவந்தம் இல்லை என்று சேர்த்தே எழுதுகிறது.

முதல் தலைப்பு, பிரிவு 9: முன்கூட்டிக் கண்ட விசுவாசத்தின் அடிப்படையில் தேவன் ஆட்களைத் தெரிந்துகொள்ளவில்லை (அதாவது, தேர்ந்தெடுக்கவில்லை). தெரிந்துகொண்டதிலிருந்துதான் விசுவாசமே வருகிறது.

ஆக, கீறல் விழுகிற இடம் மிகவும் சின்னது. கிருபை முந்தி வர வேண்டும் என்பதில் இரண்டு பக்கமும் ஒன்று. வந்த கிருபையைக் கடைசிவரை மறுத்துவிட முடியுமா? முடியும் என்றால் ஆர்மீனியஸ் பக்கம்: எல்லாருக்கும் முந்திச்செல்லும் கிருபை கொடுக்கப்பட்டிருக்கிறது, மறுப்பு மனிதனுடையது. முடியாது என்றால் தோர்த் பக்கம்: யாருக்குக் கொடுக்கிறார் என்பதே தெரிந்துகொள்ளுதல். மற்ற வித்தியாசமெல்லாம் இந்த ஒரு விடையிலிருந்து வரிசையாக விழும்.

கால்வினிஸ்ட் போதனையை ஐந்து குறிப்பாக்கும் டியூலிப் (TULIP) என்ற ஐந்தெழுத்துச் சுருக்கத்தைப் பலகையில் எழுதாமல் இருந்தால் நல்லது. அது 20-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சரக்கு. மனிதனின் சீர்கேட்டில் ஆரம்பிக்கிறது. தோர்த் தெரிந்துகொள்ளுதலில் ஆரம்பிக்கிறது. "எதிர்க்க முடியாத" என்ற சொல்லே எதிராளியின் விண்ணப்பத்திலிருந்து வந்தது. கால்வின் தம் புத்தகத்தின் 1559 கடைசிப் பதிப்பில் முன்குறித்தலை மூன்றாம் பகுதியில், ஜெபம் பற்றிய அதிகாரத்துக்கு அடுத்ததாக வைத்தார் (21 முதல் 24 வரை). இரட்சிக்கப்பட்டவன் திரும்பிப் பார்த்து "இது எங்கிருந்து வந்தது" என்று கேட்கிற இடம் அது. சிலர் அதை முதல் பக்கத்தில் வைத்து முழு மதத்தையும் அங்கிருந்து கறக்கப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. வெளிநாட்டுப் பிரதிநிதிகள் புறப்பட்ட சில நாளில், 1619 மே 13 அன்று, ஆர்மீனியஸ் பக்கத்துக்கு ஆதரவாக நின்ற முதிய அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் ஹேக் நகரில் தலை வெட்டப்பட்டார். குற்றச்சாட்டு அரசியல்தான். ஆனாலும் "சுத்தமான வேத விவாதம்" என்று தோர்த்தை வர்ணிக்கும்போது இது நினைவிருக்கட்டும்.

மறைக்கல்வி_72

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து மூன்றாவது கேள்விக்கு. உங்கள் சொல்லில் கிருபை, எங்கள் சொல்லில் அருள், மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

"கடவுளுக்குத் தெரிந்தது கட்டாயம் நடக்கும்" என்ற வாக்கியத்தில் "கட்டாயம்" எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள். "கடவுளுக்கு ஒன்று தெரியும் என்றால் அது நடக்கும்" என்ற இணைப்பு கட்டாயமானது. அவர் அறிவு தவறாது. அதிலிருந்து "அந்தச் செயலே கட்டாயமானது" என்று வராது. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறையிலிருந்து எழுதிய தத்துவஞானி போயத்தியுஸ் கொடுத்த உதாரணம்: ஒருவர் தரையில் நடப்பதையும் வானத்தில் சூரியன் எழுவதையும் ஒரே சமயத்தில் பார்க்கிறீர்கள். சூரியன் எழுந்தே தீர வேண்டும், அவர் நடந்தே தீர வேண்டியதில்லை. நீங்கள் பார்த்ததால் அவர் நடைக்குக் கட்டாயம் கூடவில்லை.

கெட்டிக்காரப் பிள்ளை இதோடு விடாது. "பார்ப்பது இப்போது. கடவுளுக்கு நேற்றே தெரியும். நேற்று நடந்ததை யாராலும் மாற்ற முடியாது. அப்படியானால் என் நாளையும் மாறாது" என்று கேட்கும். இது நல்ல வாதம், மழுப்பாதீர்கள். போயத்தியுஸின் விடை, கடவுளுக்கு நேற்று என்பதே இல்லை, எல்லா நேரமும் அவருக்கு ஒரே நிகழ்காலம் என்பது. 14-ஆம் நூற்றாண்டில் ஒக்காம் வேறு வழி எடுத்தார். "நேற்று திறந்தது ஒரு வருஷத்தில் மூடப்போகிற கடை" என்று சொன்னால் வாக்கியம் நேற்றைப் பற்றியது. ஆனால் அதை உண்மையாக்குவது முதலாளி இனிமேல் செய்யப்போவது. கடவுளின் முன்னறிவும் அந்த வகை நேற்று என்பது அவர் வாதம். (உதாரணம் என்னுடையது.)

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் முன்னறிவுக்கு மட்டும் பதில். "கடவுள் தீர்மானித்ததால்தான் அவருக்குத் தெரியும்" என்கிற கால்வினிஸ்டை இதை வைத்து மடக்க முடியாது. அவர் கேள்வியே வேறு. வகுப்புகளில் குழப்பம் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: ஒரு பக்கம் அறிவைப் பற்றிப் பேசும், மறுபக்கம் தீர்மானத்தைப் பற்றிப் பதில் சொல்லும்.

இரண்டையும் கோர்க்கப் பார்த்தவர் ஸ்பெயின் இயேசு சபையாளர் மொலினா, 1588-இல் லிஸ்பனில் வெளிவந்த புத்தகத்தில். கடவுளுக்கு நடக்கக்கூடியதெல்லாம் தெரியும், நடக்கப்போவதும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் "இந்த ஆளை இந்தச் சூழலில் வைத்தால் சுதந்திரமாக என்ன செய்வான்" என்பதும் தெரியும் என்றார். அதற்குப் பெயர் இடை அறிவு. உங்கள் பிள்ளைகளுக்கு 1 சாமுவேல் 23:9-13 போதும். தாவீது ஏறக்குறைய 600 பேரோடு கேகிலாவில் இருக்கிறார். சவுல் வருவானா? வருவான். ஊரார் என்னைப் பிடித்துக்கொடுப்பார்களா? கொடுப்பார்கள். தாவீது கிளம்பிவிடுகிறார், சவுல் வரவே இல்லை, யாரும் யாரையும் பிடித்துக்கொடுக்கவில்லை. நடக்காத ஒன்றைப் பற்றி ஆண்டவர் திட்டமாகப் பதில் சொல்லியிருக்கிறார். பலவீனம் எங்கே என்றால், நடக்கவே நடக்காத செயலைப் பற்றிய வாக்கியத்தை உண்மையாக்குவது எது? ஆள் இன்னும் இல்லை, செயலும் இல்லை. மொலினா பக்கத்தில் இதற்கு எல்லாரும் ஒத்துக்கொள்கிற விடை இன்றைக்கும் இல்லை.

டொமினிக் சபைத் துறவிகள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். உரோமையில் ஆண்டுக்கணக்கில் விசாரணை நடந்து, 1607-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் இரண்டு பக்கத்தையும் கண்டிக்காமல், ஒருவரையொருவர் தப்பறைக்காரர் என்று சொல்லக்கூடாது என்று நிறுத்தினார். எனவே "கத்தோலிக்க நிலைப்பாடு மொலினாவுடையது" என்று எழுதிவிடாதீர்கள். கத்தோலிக்கர் எல்லாரும் ஏற்பது எங்கள் திரெந்து சங்கம் 1547-இல் சொன்னது: அருள் தூண்டுகிறது, மனித விருப்பம் ஒத்துழைக்கிறது, விரும்பினால் மறுக்கவும் முடியும்.

ஓய்வுநாள்_வாத்தியார்

எல்லாருக்கும் நன்றி. கேகிலா பகுதியை இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. இன்னும் இரண்டு. பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தினது, ஏசாவை வெறுத்தது: இவற்றை எப்படி எடுப்பது? அடுத்து, எங்களுடையது சி.எஸ்.ஐ. சபை. எங்கள் சபையின் அதிகாரபூர்வ நிலைப்பாடு என்ன என்று கேட்டால் என்ன சொல்வது? தலைவிதியையும் யாரும் தொடவில்லை.

பெரேயா17

பார்வோன்: யாத்திராகமம் 7 முதல் 9 வரை பென்சிலோடு படிக்கச் சொல்லுங்கள். யார் கடினப்படுத்துகிறார் என்று ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் குறிக்கட்டும். 8:15, 8:32 இரண்டிலும் பார்வோனே. வாதைகள் நடக்கும்போது "கர்த்தர் கடினப்படுத்தினார்" என்று முதல்முறை வருவது 9:12, ஆறாவது வாதையான கொப்புளங்கள். 9:34-இல் மறுபடியும் பார்வோன்.

இதோடு வெற்றி என்று ஆர்மீனியஸ் கட்சி எழுந்திருக்கும். அவர்களை 4:21, 7:3-க்கு அனுப்புங்கள். முதல் வாதைக்கு முன்பே "நான் கடினப்படுத்துவேன்" என்று கர்த்தர் சொல்லிவிட்டார். வரிசை ஒரு பக்கத்துக்கு உதவுகிறது, முன்னறிவிப்பு மறுபக்கத்துக்கு உதவுகிறது.

ஏசா: மேற்கோள் மல்கியா 1:2-3. அங்கே பேச்சு ஏதோம் தேசத்தைப் பற்றியது. ஆதியாகமம் 25:23-உம் "இரண்டு ஜாதிகள்" என்கிறது. ஆகவே தனி மனிதனின் இரட்சிப்பு இங்கே பொருளல்ல என்பது ஒரு வாதம். ஆனால் 9:24-க்கு வரும்போது பவுல் "நம்மை" என்று அழைக்கப்பட்ட ஆட்களைத்தான் சொல்கிறார், தேசம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது.

9:22-23 இலக்கணத்தைக் கவனியுங்கள். கோபாக்கினைப் பாத்திரங்கள் அழிவுக்கு "எத்தனமாக்கப்பட்ட" என்று செயப்பாட்டில் நிற்கின்றன; யார் ஆக்கினார் என்று கிரேக்கத்தில் இல்லை. கிருபாபாத்திரங்களுக்கு வரும்போது வினை மாறுகிறது, செய்வினை ஆகிறது, "முன்" என்ற ஒட்டும் சேர்கிறது, செய்பவர் தேவன். பவுல் தெரிந்தே கோணலாக எழுதியிருக்கிறார் என்பது என் எண்ணம். இரட்டை முன்குறித்தல் (சிலரை ஜீவனுக்கு, சிலரை அழிவுக்கு) பேசுகிறவர்கள் இந்தக் கோணலை நிமிர்த்தி இரண்டு பக்கத்தையும் ஒரே அளவாக்குகிறார்கள்.

தோர்த்_வாசகன்

பெரேயா, கடைசி வரியை ஏற்க முடியவில்லை. 9:18 "எவனைக் கடினப்படுத்தச் சித்தமாயிருக்கிறாரோ அவனைக் கடினப்படுத்துகிறார்" செய்வினைதான், செய்பவரும் தேவன்தான். நான்கு வசனம் தள்ளிச் செயப்பாடு வந்ததால் 18 கரைந்துவிடாது. தோர்த்தும் இரண்டு பக்கத்தையும் ஒரே அளவில் வைக்கவில்லை. தேவன் அவிசுவாசத்துக்குக் காரணர் என்பதை முடிவுரையில் வெறுத்துத் தள்ளுகிறது. விட்டுவிடுவது வேறு, உண்டாக்குவது வேறு என்பது அவர்கள் கணக்கு.

தரங்கை1706

சபை நிலைப்பாடு பற்றி. சி.எஸ்.ஐ. 1947 செப்டம்பர் 27-இல் உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் பாரம்பரியங்கள் ஒன்றுசேர்ந்தன. பிரஸ்பிட்டேரியன் பெட்டியில் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை. ஆங்கிலிக்கன் பெட்டியில் 39 பிரிவுகள். அதில் 17-ஆவது முன்குறித்தல். அது ஜீவனுக்கு முன்குறித்ததை மட்டும் சொல்கிறது. கிறிஸ்துவின் ஆவி இல்லாதவர்கள் இதையே கண்முன் வைத்துக்கொண்டிருப்பது ஆபத்தான பள்ளம் என்றும் எச்சரிக்கிறது. மெதடிஸ்ட் பக்கம் வெஸ்லி. அவர் 1784-இல் அமெரிக்க மெதடிஸ்டுகளுக்காக அந்த 39-ஐ 24 ஆகக் குறைத்தபோது 17-ஐயே எடுத்துவிட்டார்! இவர்கள் எல்லாரும் ஒரே சபையாக வந்தபோது ஒன்றை மற்றவர்மேல் சுமத்தவில்லை. பொது அடிப்படை வேதமும் அப்போஸ்தலர், நிசேயா விசுவாசப்பிரமாணங்களும். எனவே நேர்மையான பதில்: இந்தக் கேள்வியில் இரண்டு பக்கத்தாரும் சி.எஸ்.ஐ. அங்கத்தினராக இருக்கலாம்.

லுத்தரன் பக்கம் அப்படித் திறந்துவிடவில்லை. 1577-இன் ஒருமைப்பாட்டு அறிக்கை, பிரிவு 11: தெரிந்துகொள்ளுதல் இரட்சிக்கப்படுகிறவர்களைப் பற்றியது மட்டும், அதற்குக் காரணம் தேவன் மட்டும். கெட்டுப்போகிறவன் கெடுவது தன்னால். அழிவுக்கென்று ஒரு தீர்மானம் கிடையாது. "இது தர்க்கத்துக்கு ஒத்துவருமா" என்று இரண்டு பக்கத்தாரும் எங்களைக் கேட்பார்கள். ஒத்துவராது, வேதம் நிறுத்துகிற இடத்தில் நிறுத்திக்கொள்கிறோம்.

நங்கூரம்27

தலைவிதிக்கு நான். என்ன செய்தாலும் முடிவு ஒன்றுதான், இடையில் செய்வதற்கு மதிப்பில்லை என்பது விதியைப் பற்றி நாம் புலம்பும் விதம். அப்போஸ்தலர் 27-ஐப் பாருங்கள். கப்பலில் 276 பேர். 22-ஆம் வசனத்தில் ஒரு உயிரும் போகாது என்று பவுல் தூதன் சொன்னதை வைத்து உறுதியாகச் சொல்கிறார். முடிவு தீர்மானமாகிவிட்டது. 30-இல் கப்பலாட்கள் முன்புறத்தில் நங்கூரம் போடுகிற பாவனையில் படவை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். "சொல்லியாயிற்று, போகிறவன் போகட்டும்" என்று பவுல் உட்காரவில்லை. இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்கிறார். சேவகர் கயிற்றை அறுத்துப் படவை விழவிடுகிறார்கள். வாக்கு நிறைவேறின வழியில் அந்த அறுபட்ட கயிறும் ஒரு பாகம். கால்வினிஸ்டும் ஆர்மீனியனும் இந்த அதிகாரத்தில் சண்டை போடாமல் உட்காரலாம்.

இன்னொரு வித்தியாசம் நம் தமிழிலேயே இருக்கிறது. நாம் தலைவிதி என்னும்போது முன்வினைப் பயன் என்பதும் உள்ளே இருக்கிறது, அதாவது ஏதோ செய்ததற்குக் கூலி. ரோமர் 9:11 பழைய மொழிபெயர்ப்பில் "நல்வினை தீவினை ஒன்றும் செய்யாமலும்" என்று வருகிறது. வினைக் கணக்கை மறுக்க அந்தச் சொல்லையே எடுத்திருக்கிறார்கள். இதைக் கவனித்தாலே நாலாவது கேள்விக்குப் பாதி விடை.

தோர்த்_வாசகன்

வாரப் பிரிப்புக்கு என் யோசனை. முதல் வாரம் பெரேயா சொன்ன 11 இடங்கள், ஒரே தாளில், கிரேக்கச் சொல்லைத் தமிழ் எழுத்தில் ஓரத்தில் போட்டு. இரண்டாம் வாரம் ரோமர் 9, 10, 11 முழுவதும் சத்தமாக. மொத்தம் 90 வசனம், கால் மணி நேரம்கூட ஆகாது. 9-ஐ மட்டும் படித்து நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கிற கோளாறு. 10:13-உம் 11:32-உம் காதில் விழாமல் 9-ஐ எடுத்துப் பேசினால் யார் பேசினாலும் கோணும். மூன்றாம் வாரம் ஆவணங்கள். நான்காம் வாரம் முன்னறிவுக் கேள்வி, அப்போஸ்தலர் 27, கடைசியில் பிலிப்பியர் 2:12-13. ஆதாமின் விழுகைக்கு முன் தீர்மானமா பின் தீர்மானமா என்ற தகராறை எந்த வாரத்திலும் திறக்காதீர்கள். தோர்த்திலேயே இரண்டு வகையினரும் உட்கார்ந்திருந்தார்கள்.

விவாதத்தை ரசிக்கிறவர்களைப் பற்றிக் கவலை இல்லை. பேசாமல் உட்கார்ந்திருந்து கூட்டம் முடிந்தபின் "நான் அந்தப் பட்டியலில் இல்லையோ" என்று கேட்க வருகிற பிள்ளையைப் பாருங்கள். அதற்கு தோர்த் முதல் தலைப்பிலேயே பிரிவு 16 இருக்கிறது: உறுதியான நிச்சயம் இன்னும் உணராதவர்கள் தங்களைத் தள்ளப்பட்டவர்களோடு எண்ணிக்கொள்ளக்கூடாது, வசனத்திலும் ஜெபத்திலும் தொடர வேண்டும். கால்வின் சொல்வது, தெரிந்துகொள்ளுதலைப் பார்க்கிற கண்ணாடி கிறிஸ்து, உன் உள்மனசு அல்ல என்பது. சிசுவை இழந்த குடும்பத்தார் யாராவது குழுவில் இருந்தால் பிரிவு 17-ஐ முன்பே படித்துவையுங்கள். விசுவாசிகளின் சிசு இறந்தால் அதன் தெரிந்துகொள்ளுதலைப் பற்றிப் பெற்றோர் சந்தேகப்பட வேண்டாம் என்று இருக்கிறது.

மூன்றாம் வாரத்துக்கு ஒரு வேலை. 1610 விண்ணப்பத்தின் மூன்றாம் பிரிவையும் தோர்த் மூன்று-நான்கில் 16-ஆம் பிரிவையும் தமிழில் எழுதி, பெயர் போடாமல், ஆளுக்கொரு தாளாகக் கொடுங்கள். எது எந்தக் கட்சி என்று எழுதச் சொல்லி ஐந்து நிமிஷம். மனிதனால் எதுவும் முடியாது என்பது கால்வின் தாள், சித்தம் எடுக்கப்படுவதில்லை என்பது ஆர்மீனியஸ் தாள் என்று பாதிக்குமேல் மாற்றி எழுதுவார்கள்.

மறைக்கல்வி_72

மூன்றாவதாகத் திரெந்து சங்கத்தின் ஆறாம் அமர்வு, விதி 1-ஐயும் சேருங்கள். கிறிஸ்து வழியாக வரும் அருள் இல்லாமல், தன் செயல்களாலேயே மனிதன் கடவுள்முன் நேர்மையாளனாக முடியும் என்பவனுக்குச் சாபம் என்று இருக்கும். அதைக் கத்தோலிக்கம் என்று உங்கள் குழுவில் யார் எழுதுகிறார் பார்ப்போம். விடையைத் தாளின் பின்பக்கம் அச்சடிக்காதீர்கள், ட்யூப்லைட் வெளிச்சத்தில் தெரியும்.